பத்தொன்பது தோல்வி, ஒரு வெற்றி

ஆடிய ஆட்டம் 28. தோற்றது 19. டிரா 8.

கால்குலேட்டரைத் தேடாதீர்கள். மிச்சம் ஒன்று. அந்த ஒன்றுதான் வெற்றி.

இப்படி ஒரு ரிசல்ட்டோடு நாம் வீட்டுக்குப் போயிருந்தால் அப்பா ஒரு வாரம் பேச மாட்டார். அம்மாதான், "தோத்தா தோத்துட்டுப் போ, சோத்தைத் தின்னு" என்று தட்டை நகர்த்தி வைப்பாள். ஆனால் 1886-ல் இதே ரிசல்ட்டோடு இங்கிலாந்திலிருந்து கப்பலில் பம்பாய் திரும்பிய ஒரு கோஷ்டி, இரண்டே வருஷத்தில் மறுபடி ஆள் சேர்த்து, மறுபடி கப்பல் ஏறியது. மறுபடியும் அதே வெள்ளைக்காரனிடம் ஆடுவதற்கு!

பார்சிகள். இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போய் கிரிக்கெட் ஆடிய முதல் அணி அவர்களுடையதுதான்.

1983-ல் லார்ட்ஸ் மைதானத்தில் கபில்தேவ் கோப்பையைத் தூக்கிய போட்டோ தெரியாத ஆள் நம்மில் கிடையாது. அதே லார்ட்ஸில் 97 வருஷத்துக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்த பதினோரு பேரைப் பற்றி யாரும் காலண்டர் அடிக்கவில்லை. இந்த வாரம் அவர்கள் கதை.

* * *

1886 எப்படிப்பட்ட காலம் என்று முதலில் ஒரு பார்வை பார்த்துவிடலாம். நம்ம திருநெல்வேலிக்கு ரயில் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. பாபநாசத்தில் தாமிரபரணி விழுகிற வேகத்தை வைத்து ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை ஓட்ட ஆரம்பித்திருந்த நேரம். வ.உ.சி.க்கு வயசு 13. காங்கிரஸ் கட்சி பிறந்து ஆறு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. விக்டோரியா மகாராணி அடுத்த வருஷப் பொன்விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

பம்பாயில் பார்சிப் பையன்கள் அதற்கும் நாற்பது வருஷம் முன்னாலேயே கிரிக்கெட்டைப் பிடித்துவிட்டார்கள். வெள்ளைக்கார சிப்பாய்கள் ஆடுவதை எட்ட நின்று பார்த்தது, அப்புறம் தொப்பியை ஸ்டம்பாகவும் குடையை மட்டையாகவும் வைத்து ஆடியது என்று ஆரம்ப நாட்களைப் பற்றி அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பந்து? கிழிந்த துணியைத் திணித்து, செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்தது. உருண்டையாகவும் இருக்காது, சதுரமாகவும் இருக்காது. தென்னை மட்டையையும் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றின பந்தையும் வைத்து ஆடின நமக்கு இதில் ஆச்சரியமே கிடையாது. 1848-ல் ஓரியண்டல் கிரிக்கெட் கிளப் என்று ஒரு சங்கமும் ஆரம்பித்துவிட்டார்கள்.

பந்து கிடைத்தது, சங்கம் கிடைத்தது. இடம்தான் தகராறு.

பம்பாய் மைதானத்தில் வெள்ளைக்காரர்களின் ஜிம்கானாவுக்கென்று தனியாக, பொத்திப் பொத்தி வளர்த்த புல்தரை இருந்தது. போலோ ஆடும்போது மட்டும் அவர்கள் குதிரையோடு நம்மாட்கள் ஆடுகிற பக்கத்துக்கு வந்துவிடுவார்கள். குதிரை மிதித்தால் தரை குண்டும் குழியுமாகும் என்பது துரைகளுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் தங்கள் தரையில் ஆடவில்லை. போலோவோ வாரத்தில் சில மணி நேரம்தான். ஆனால் அது விட்டுப் போகும் குழி வாரம் முழுக்க அப்படியே கிடக்கும். பந்து எங்கே குத்தி எங்கே எகிறும் என்று போட்டவனுக்கும் தெரியாது, அடிப்பவனுக்கும் தெரியாது.

விட்டார்களா? மனு எழுதினார்கள். கவர்னருக்கு மனு, பத்திரிகைக்குக் கடிதம், மறுபடி கவர்னருக்கு மனு. சர்க்கார் ஆபீஸில் வேலை பார்க்கும் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு தனிப் பாசம் வரும். ஒரு தடவை சாதகமாக உத்தரவு வந்தது. கொஞ்ச நாளில் அது மாறியது. இந்தப் போராட்டத்தில் முன்னால் நின்ற ஷாபூர்ஜி சொராப்ஜி என்பவர், பார்சி கிரிக்கெட்டின் வரலாற்றை 1897-ல் புத்தகமாகவே எழுதினார். அடித்த ரன்களோடு இந்த மைதானச் சண்டையும் அதில் ஏறியிருக்கிறது. பொழுதுபோகாமல் எழுதிய புத்தகமில்லை, ஒரு வழக்கின் கட்டு.

குழிக்குள் ஆடிப் பழகிய இவர்கள்தான் இங்கிலாந்துக்குக் கிளம்பினார்கள்.

* * *

1878-லேயே ஒரு திட்டம் போட்டு, அது நடக்காமல் போனது. எட்டு வருஷம் கழித்துத்தான் கைகூடியது. சர்ரேக்காரரான ராபர்ட் ஹெண்டர்சன் என்ற தொழில்முறை ஆட்டக்காரரை வரவழைத்துப் பயிற்சி எடுத்தார்கள். கேப்டன் டாக்டர் தன்ஜிஷா படேல். நல்லா ஆடுகிற எல்லோராலும் போக முடியவில்லை. மாசக்கணக்கில் வேலையை விட்டு, கைக்காசைப் போட்டுப் போக முடிந்தவர்கள் போனார்கள்.

மே மாதம் லார்ட்ஸில் எம்.சி.சி.யுடன் ஆட்டம். எதிரில் டபிள்யூ.ஜி. கிரேஸ். நெஞ்சு வரைக்கும் தாடி வைத்த அதே டாக்டர் கிரேஸ்தான். அந்த நாளில் கிரிக்கெட் என்றால் அவர், அவர் என்றால் கிரிக்கெட்.

பார்சிகள் முதல் இன்னிங்ஸில் எடுத்த ரன் 23.

ஓப்பனிங் பேட்ஸ்மேனின் ஸ்கோர் என்று நினைத்துவிடாதீர்கள். மொத்த டீமும் சேர்ந்து 23. கிரேஸ் ஒருத்தர் மட்டும் 65. ரெண்டாவது இன்னிங்ஸில் நம்மாட்கள் சுதாரித்துக்கொண்டு 66 எடுத்தார்கள். அதாவது பதினோரு பேரும் சேர்ந்து தாடிக்காரரை ஒரு ரன்னில் முந்திவிட்டார்கள்! பந்து வீச்சிலும் கிரேஸ் ரெண்டு இன்னிங்ஸிலுமாக 11 விக்கெட்டை எடுத்துக்கொண்டார். இன்னிங்ஸ் மற்றும் 224 ரன்னில் தோல்வி.

இது நடந்தது பயணத்தின் ஆரம்பக் கட்டத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். இதற்கப்புறம் ஒரு கோடைகாலம் முழுக்க இன்னும் எத்தனையோ ஊர், எத்தனையோ மைதானம் பாக்கி. திங்கட்கிழமை மானேஜரிடம் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டவனுக்கு செவ்வாய்க்கிழமை என்று ஒன்று வருகிறதே, அதுதான் பெரிய கஷ்டம். அவர்களுக்கு மாசக்கணக்கில் செவ்வாய்க்கிழமை. பெட்டியைக் கட்டு, ரயிலைப் பிடி, அடுத்த ஊரில் இறங்கு, டாஸ் போடு, தோற்றுப் போ, பெட்டியைக் கட்டு. நடுவில் ஒருவராவது, 'வயிற்று வலி, நான் ஊருக்குப் போறேன்' என்று சொல்லியிருந்தால் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் 28 ஆட்டத்தையும் ஆடி முடித்தார்கள்.

முருகன்குறிச்சி டீக்கடையில் எனக்குப் பழக்கமான ஓர் அண்ணாச்சி உண்டு. தலைமை எழுத்தர், ரிட்டயர்மெண்டுக்கு ரெண்டு வருஷம் பாக்கி. இந்த இடம் வரைக்கும் கேட்டுவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏன் வே, இந்தியா ஜெயிச்ச மேட்ச் எத்தனையோ கெடக்கு. தோத்த கதையப் போயி எழுதுதேங்கீரு. படிக்கிறவனே புரோமோஷன் வரலைன்னு நொந்து போயி இருக்கான்."

"அவனுக்காகத்தான் அண்ணாச்சி எழுதுதேன்."

"சரி வே, வெள்ளைக்காரன் தோக்கவே இல்லியா?"

* * *

தோற்காமலா! அண்ணாச்சிக்காக ஒரு வெள்ளைக்காரத் தோல்வி. லங்காஷயரில் டார்வன் என்று ஒரு சின்ன ஊர். பஞ்சாலை ஊர். நம்ம விக்கிரமசிங்கபுரத்துக்குக் கடல் தாண்டிய சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஊர் கால்பந்து கிளப் 1879-ல் பணக்காரப் பையன்களின் ஓல்ட் எட்டோனியன்ஸ் அணியிடம் 1-5 என்று பின்தங்கி, கடைசிக் கட்டத்தில் அடுக்கடுக்காக கோல் போட்டு 5-5 என்று முடித்துப் பேர் வாங்கியது. மறு ஆட்டங்களுக்கு லண்டன் போகிற செலவுக்கு ஊரே கைகோர்த்து வசூல் செய்தது.

அதே கிளப், இருபது வருஷம் கழித்து 1898-99 சீசனில் லீகின் இரண்டாம் டிவிஷனில் என்ன செய்தது தெரியுமா? 34 ஆட்டத்தில் 27 தோல்வி. அதில் 18 தொடர்ச்சியாக. வாங்கிய கோல் 141. போட்டது 22. மான்செஸ்டர் சிட்டி, வால்சால், லப்பரோ என்று மூன்று அணிகள் ஆளுக்குப் பத்து கோல் போட்டு, பதிலுக்கு ஒன்றுகூட வாங்காமல் அனுப்பி வைத்தன. சீசன் முடிந்ததும் டார்வன் லீகை விட்டு வெளியேறியது. திரும்பி வரவே இல்லை. கீழே உள்ளூர்ப் போட்டிகளில் ரொம்ப வருஷம் ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இங்கேதான் எனக்குள் இருக்கும் பி.காம். விழித்துக்கொள்கிறான்.

செலவில் ரெண்டு வகை என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். வருவாயினச் செலவு: கரண்ட் பில் மாதிரி, கட்டினோம், போச்சு. முதலினச் செலவு: மெஷின் வாங்குகிற மாதிரி, இன்றைக்குப் பையைக் காலி பண்ணும், ஆனால் பல வருஷத்துக்கு வேலை செய்யும். டார்வனுடைய 27 தோல்வி கரண்ட் பில்லாகப் போய்விட்டது. பார்சிகளின் 19 தோல்வி மெஷினாக நின்றது. ரெண்டு பேருக்கும் வலி ஒன்றுதான். கணக்கில் ஏறிய இடம்தான் வேறு.

மெஷின் எப்படி ஓடியது என்று பாருங்கள். 1887-ல் கடற்கரையோரம் கென்னடி ஸீ ஃபேஸ் பக்கத்தில் பார்சி ஜிம்கானாவுக்கென்று சொந்த இடம் கிடைத்தது. குதிரைக் குழி இல்லாத தரை. 1888-ல் இரண்டாவது பயணம். ஆடியது 31, வெற்றி 8, தோல்வி 11, டிரா 12. மேஹெல்லாஷா பவ்ரி என்ற வேகப்பந்து வீச்சாளர் மட்டும் 170 விக்கெட் எடுத்தார்.

அப்புறம் 1890 ஜனவரி. முதன்முதலாக ஓர் இங்கிலாந்து அணி இந்தியா வந்தது. ஜி.எஃப். வெர்னன் தலைமை. போன இடமெல்லாம் ஜெயித்த அந்த அணியை, பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் பார்சிகள் 4 விக்கெட் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் பவ்ரிக்கு 7 விக்கெட். மொத்தப் பயணத்திலும் வெர்னன் அணிக்கு அது ஒன்றுதான் தோல்வி.

எந்த ஜிம்கானாவின் புல்லைக் காப்பாற்ற இவர்கள் தரையில் குதிரை ஓட்டினார்களோ, அதே ஜிம்கானா. அதே புல்.

* * *

இத்தோடு முற்றும் போட்டு, 'ஆகவே இளைஞர்களே, தோல்வியைக் கண்டு துவளாதீர்' என்று முடித்திருக்கலாம். அந்த வாசகம் எழுதின பிளாஸ்டிக் போர்டு எல்லா ஆபீஸிலும் ஏற்கெனவே தொங்குகிறது. அதன் கீழே உட்கார்ந்திருக்கிறவர்தான் நம் லீவு லெட்டரைத் திருப்பி அனுப்புகிறவர்.

விஷயம் என்னவென்றால், தோற்பதற்கும் வசதி வேண்டும். 19 ஆட்டம் தோற்றுவிட்டு ரெண்டாவது தடவை போக பார்சிகளிடம் கப்பல் கட்டணம் இருந்தது, கோச் இருந்தார், பின்னால் நிற்க வியாபாரிகள் இருந்தார்கள். கைக்காசைப் போட்டு ஊர் பேரைக் காப்பாற்றுகிற வேலை நமக்கும் புதுசில்லை. 1843-ல் சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் கட்டின பாலத்தில்தான் ஜங்ஷனுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே இன்றைக்கும் பஸ் போகிறது. ஆனால் எல்லா ஊருக்கும் ஒரு முதலியார் வாய்க்க மாட்டார். எல்லா ஆட்டக்காரனுக்கும் ரெண்டாவது கப்பல் கிடைக்காது.

பல்வங்கர் பாலு என்று ஒருவர். ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் தரை உருட்டி, வலை கட்டி, மாசம் நாலு ரூபாய் சம்பளம். துரைமார் பேட்டிங் பயிற்சி எடுக்க அவர் மணிக்கணக்காகப் பந்து போடுவார். அவர் கையில் மட்டையைக் கொடுக்க ஆள் இல்லை. பிறகு இந்துக்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் எல்லோரும் தொட்ட பந்தையே தொடலாம், டீ மட்டும் வெளியே, தனியாக.

1911-ல் எல்லா மதத்தவரும் சேர்ந்த இந்திய அணி இங்கிலாந்து போனது. 23 ஆட்டத்தில் 6 வெற்றி, 15 தோல்வி, 2 டிரா. இதுவும் தோற்ற சீசன்தான். அந்தத் தோற்ற சீசனில் பாலு எடுத்த விக்கெட் 114. கேப்டன் யார்? பத்தொன்பது வயசு பாட்டியாலா மகாராஜா. அவர் சில ஆட்டங்களில்தான் இறங்கினார். திரும்பி வந்தபின்னும் இந்துக்கள் அணிக்கு பாலு கேப்டன் ஆகவே இல்லை. பார்சிகளின் தோல்வி அவர்களுக்கு மைதானமாகத் திரும்பி வந்தது. பாலுவின் வெற்றிகூட அவருக்கு முழுசாகத் திரும்பி வரவில்லை. கணக்குப் புஸ்தகத்தில் இதற்கு எந்தத் தலைப்பு என்று எனக்குச் சொல்லித் தந்த வாத்தியார் கிடையாது.

நம்ம மெட்ராஸிலும் இதே கதைதான். சேப்பாக்கத்து மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். புச்சிபாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்தார். பார்சிகள் ரெண்டாவது கப்பல் ஏறிய அதே வருஷம். எல்லோருக்கும் சேர்த்து ஓர் இடம், சாமான், உடை என்று கைப்பணத்தைக் கொட்டினார். வெள்ளையர் - இந்தியர் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு, 1908-ல் அதைப் பார்க்காமலே நாற்பது வயசில் காலமானார். அவர் பெயரில் நடக்கும் போட்டியை இன்றைக்கும் பேப்பரில் பார்க்கிறோம்.

ஒவ்வொரு கதையிலும் முதலில் வருவது இடம். அப்புறம்தான் ரன், விக்கெட் எல்லாம்.

* * *

தாமிரபரணிக் கரையில் பிசானம் அறுப்பு முடிந்தால் பையன்களுக்கு மைதானம் கிடைத்துவிடும். அறுத்த தாளை மிதித்து மிதித்து பிட்ச் ஆக்குவார்கள். அடுத்த நடவு வரைக்கும் டோர்னமெண்ட்தான். டென்னிஸ் பந்து, எட்டு ஓவர், ரெண்டு ட்யூப்லைட் கம்பம், காது கிழிகிற ரேடியோ செட். எனக்குத் தெரிந்த ஒரு டீம் வருஷா வருஷம் நுழைவுக் கட்டணம் கட்டி, வருஷா வருஷம் முதல் ரவுண்டில் தோற்கும். கமெண்ட்ரி சொல்கிறவர், "இவர்கள் வந்தால்தான் போட்டியே களைகட்டும்" என்று மைக்கில் பாராட்டுவார். எதிர் டீம் கைதட்டும். டீமில் ஒருவன் லாரி கிளீனர், ஒருவன் ஜவுளிக்கடை, ஒருவன் பேங்க் பரீட்சை எழுதிக்கொண்டே இருந்தவன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோற்றுவிட்டு, திங்கட்கிழமை காலையில் அவரவர் இடத்தில் அவரவர் நிற்பார்கள்.

அவர்கள் வெர்னன் டீமை ஜெயித்த மாதிரி எதையும் ஜெயிக்கவில்லை. ஒரு வருஷம் இரண்டாவது ரவுண்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி பரோட்டாக் கடையில் அவர்கள் போட்ட சத்தத்துக்கு, கடைக்காரர் சால்னாவை விலையில்லாமல் ஊற்றினார்.

அந்த வயலில் இப்போது வரிசையாக மஞ்சள் பெயிண்ட் அடித்த கல். முகப்பில் ஏதோ ஒரு நகர் என்று வளைவு. சங்கர் நகரில் டி.என்.பி.எல். ஆட்டம் நடக்கிற அளவுக்கு நல்ல மைதானம் ஒன்று இருக்கிறது, சந்தோஷம். அங்கே உட்கார்ந்து கைதட்டலாம். ஆனால் அறிவில்லாமல் அடித்து, மூன்று பந்தில் அவுட்டாகி, 'அடுத்த வருஷம் பார்க்கலாம்ல' என்று சொல்வதற்கு வேறு இடம் வேண்டும்.

குதிரைக் குழி என்றால் மனு எழுதி மூடலாம். மனைக்கல்லை என்ன செய்வது? வாசகர்கள் யோசனை சொல்லலாம். அதுவரைக்கும், உங்கள் ஊரில் மைதானம் என்று ஒன்று மிச்சம் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு ஆட்டம் தோற்றுவிட்டு வாருங்கள்.